இராயக்கோட்டை வழியே வந்தவர்கள்: சுவிட்சர்லாந்தும் நம் தர்மபுரிச் சீமையும்



1799ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில், வேலூரிலிருந்து புறப்பட்ட ஆங்கிலேயப் பெரும்படை இராயக்கோட்டையருகே கூடாரமடித்து, அங்கிருந்து மைசூர் எல்லைக்குள் நுழைந்தது. ஜெனரல் ஹாரிஸின் தலைமையில் சென்ற அந்தப் படையை நாம் ‘ஆங்கிலேயப் படை’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அதில் நடந்தவர்கள் எல்லோரும் ஆங்கிலேயர் அல்லர். நம்மவர்களான சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் இருந்தனர். ஹைதராபாத் நிஜாமின் படையும் உடன் சென்றது. இவர்களுக்கிடையே பிரெஞ்சும் ஜெர்மனும் பேசிய ஒரு கூட்டமும் இருந்தது. ‘தெ மூரோன் படைப்பிரிவு’ என்பது அதன் பெயர். சுவிட்சர்லாந்தின் நியூஷாடெல் பகுதியைச் சேர்ந்த ஷார்ல் தானியேல் தெ மூரோன் என்ற பிரபு, 1781இல் டச்சுக் கம்பெனிக்காகத் திரட்டிய கூலிப்படை அது. இலங்கையில் டச்சுக்காரர்களுக்குக் காவல் நின்ற அந்தப் படையை 1795இல் ஆங்கிலேயர் பேரம் பேசித் தம் பக்கம் இழுத்துக்கொண்டனர். நான்கு ஆண்டுகள் கழித்து, 1799 மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டையின் மதிலேறிய படையில் அவர்களும் இருந்தார்கள். அன்று மாலை சுல்தான் திப்பு ஷஹீதானார்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்துக் குடும்பங்களுக்கு இது தொலைவில் நடந்த கதையன்று. பாராமகால் என்று அழைக்கப்பட்ட இந்தச் சீமை 1792 உடன்படிக்கையிலேயே திப்புவின் கையைவிட்டுப் போனது. ஓசூர்ப் பகுதி அவர் மறைந்த பின்னரே கம்பெனிக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் வரி வசூலுக்காக இங்கே நிலத்தை அளந்துகொண்டிருந்த காலம் அது. திப்புவின் வீழ்ச்சியைப் பற்றி நம் மேடைகளில் பேசும்போது ஆங்கிலேயரையும், நிஜாமையும், மராட்டியரையும், மீர் சாதிக்கையும் குறிப்பிடுகிறோம். நியூஷாடெல்லின் மலைக் கிராமங்களிலிருந்து வந்து நம் இராயக்கோட்டைச் சாலையில் நடந்த அந்தப் பையன்களை யாரும் நினைப்பதில்லை. அவர்களுக்குத் திப்புவோடு என்ன பகை இருந்திருக்க முடியும்?

பகை ஏதும் இல்லை. வறுமைதான் அவர்களை அங்கே கொண்டு சேர்த்தது. இன்று செல்வத்துக்கும் வங்கிகளுக்கும் உவமையாகச் சொல்லப்படும் சுவிட்சர்லாந்து, சில நூற்றாண்டுகள் தன் பிள்ளைகளைக் கூலிப்படைகளுக்கு அனுப்பிப் பிழைத்த நாடு. மலையும் பனியுமான நிலம், விளைச்சலோ குறைவு, கடலோ துறைமுகமோ கிடையாது. வீட்டுக்கு ஒரு மகன் பிரான்சு மன்னருக்கோ, போப்புக்கோ, டச்சுக் கம்பெனிக்கோ துப்பாக்கி தூக்கப் போவான்; அவன் அனுப்பும் காசில் மற்றவர்கள் உண்பார்கள். இதைப் படிக்கும்போது நமக்கு நம் ஊர்களே நினைவுக்கு வருகின்றன. மழை பொய்த்தால் பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பேருந்து ஏறும் கூட்டத்தையும், வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு மாதாமாதம் வரும் பணத்தை எண்ணிக் காத்திருக்கும் வீடுகளையும் நாம் அறிவோம்.

ஆனால் அதே நியூஷாடெல் மலைகளில் வேறொரு தொழிலும் வளர்ந்துகொண்டிருந்தது. பனிக்காலத்தில் வயலில் வேலையில்லை. ஆறு மாதம் வீட்டுக்குள் அடைபட்டிருந்த குடியானவர்கள், சன்னலோர வெளிச்சத்தில் உட்கார்ந்து கடிகாரத்தின் சிறு உறுப்புகளை அராவித் தேய்த்துக் கொடுத்தார்கள். ஒருவர் பற்சக்கரம் செய்வார். இன்னொருவர் முள் செய்வார். மூன்றாமவர் எல்லாவற்றையும் பொருத்துவார். அந்த வட்டாரத்தின் லெ லோக்ல் என்ற ஊரில் 1737இல் தொடங்கிய ஃபேவர் லூபா நிறுவனத்தின் கடிகாரங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பம்பாய்க்கு வந்தன. 1880களில் பம்பாயில் கடை திறந்த ‘வெஸ்ட் எண்ட்’ என்ற சுவிஸ் நிறுவனத்தின் கடிகாரம் இந்தியாவில் மட்டுமன்றி அரபுச் சீமையிலும் பெயர் பெற்றது. பின்னர் ‘ரேடோ’ வந்தது. சபரிலிருந்து திரும்பும் அத்தாவின் மணிக்கட்டில் மின்னிய அந்தக் கடிகாரத்தை, பாங்கு சொல்ல இன்னும் எத்தனை நிமிடம் என்று கேட்கும் சாக்கில் தொட்டுப் பார்த்த பிள்ளைகள் நம்மில் எத்தனையோ பேர். தொழுகை நேரம் கணிப்பதற்கென்றே பள்ளிவாசல்களில் ‘முவக்கித்’ என்ற அறிஞரை நியமித்த சமுதாயம் நம்முடையது. அந்த வேலையை நாம் சுவிஸ் கைகளுக்கு எப்போது ஒப்படைத்தோம் என்பது தனிக் கட்டுரைக்குரிய பொருள். இங்கே அதற்குள் புகவில்லை.

வணிகத்தின் மற்ற கிளைகளையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். வின்டர்தூரிலும் பம்பாயிலுமாக 1851இல் தொடங்கிய வோல்கார்ட் சகோதரர்கள் நிறுவனம் நம் நாட்டுப் பருத்தியையும் காப்பியையும் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்தது. 1954இல் டாட்டாவோடு அது இணைந்து உருவானதுதான் ‘வோல்டாஸ்’. விடுதலை பெற்ற ஓராண்டுக்குள், 1948 ஆகஸ்ட் 14 அன்று, இந்தியா சுவிட்சர்லாந்தோடு நட்புடன்படிக்கை செய்துகொண்டது.

இனி ஓசூருக்கு வருவோம். 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்து உருவான தர்மபுரி மாவட்டத்தில்தான், 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆகும்வரை, ஓசூர் இருந்தது. டாட்டா குழுமமும் தமிழ்நாட்டு அரசின் டிட்கோ நிறுவனமும் சேர்ந்து 1984இல் தொடங்கிய கடிகார நிறுவனத்துக்கு ‘டைட்டன்’ என்று பெயரிட்டனர். டாட்டா, தமிழ்நாடு இரண்டின் ஆங்கில எழுத்துகளும் அந்தப் பெயருக்குள் ஒளிந்திருக்கின்றன என்பார்கள். ஆலை ஓசூரில் எழுந்தது. 1987இல் கடிகாரங்கள் கடைக்கு வந்தன.

அந்தக் காலகட்டத்தில் சுவிட்சர்லாந்தின் நிலையை அறிந்தால்தான் ஓசூரில் நடந்ததன் அருமை விளங்கும். குவார்ட்ஸ் கடிகாரத்தின் முன்மாதிரியை 1967இலேயே நியூஷாடெல் ஆய்வுக்கூடம் செய்துவிட்டது. ஆனால் அதை நம்பிச் சந்தைக்குக் கொண்டுவந்தவர்கள் ஜப்பானியர். 1969 டிசம்பரில் செய்கோ நிறுவனத்தின் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் வந்த பிறகு, தலைமுறை தலைமுறையாக அராவித் தேய்த்த கைகளுக்கு வேலை போயிற்று. 1970இல் ஏறத்தாழ 90,000 பேருக்கு வேலை தந்த சுவிஸ் கடிகாரத் தொழிலில், 1980களின் பிற்பகுதியில் எஞ்சியவர்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கினரே. தாமே கண்டுபிடித்ததைத் தாமே நம்பாமல் விட்டதன் விலை அது.

சுவிஸ் மலைக் கிராமங்களில் பட்டறைகள் மூடப்பட்ட அதே ஆண்டுகளில், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த தமிழக கிராமத்துப் பிள்ளைகள் ஓசூரில் குவார்ட்ஸ் கடிகாரம் கோக்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள். செர்க்ஸெஸ் தேசாயின் தலைமையில் இயங்கிய அந்த நிறுவனம், அனுபவம் மிக்க தொழிலாளர்களை வெளியிலிருந்து திரட்டுவதைவிட, கற்கும் வயதிலிருந்த பிள்ளைகளைப் பள்ளிகளிலிருந்தே தேர்ந்தெடுப்பதையே விரும்பியது. வீட்டைவிட்டு முதன்முறை வெளியே வந்த அவர்களை ஓசூர்க் குடும்பங்களில் வளர்ப்புப் பெற்றோர்போல் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்யப்பட்டது. காது கேளாதோர், கால் நடக்க இயலாதோர் உள்ளிட்ட மாற்றுத்திறனாளிகளுக்கும் அங்கே இடம் கிடைத்தது. கண்ணும் விரலும் கவனமும் வேண்டிய வேலையில், சத்தத்தால் கவனம் சிதறாதவர் பின்தங்கியவர் அல்லர் என்று அந்த ஆலை கண்டுகொண்டது. நம் ஜமாஅத்துகளில் இத்தகைய பிள்ளைகளை ‘பாவம்’ என்று சொல்லி வீட்டோடு வைத்துவிடும் வழக்கத்தை எண்ணி நாம் வெட்கப்படத்தான் வேண்டும்.

அதே ஆலையில் 2002இல் ‘எட்ஜ்’ வெளிவந்தது. கடிகாரத்தின் மொத்தத் தடிமன் 3.5 மில்லிமீட்டர், உள்ளிருக்கும் இயந்திரத்தின் தடிமன் 1.15 மில்லிமீட்டர். நீரும் புகாமல் அவ்வளவு மெல்லியதாகவும் ஒரு கடிகாரத்தைச் செய்ய இயலாது என்று சுவிஸ் நிபுணர்கள் கைவிரித்துவிட்டதாக அந்நிறுவனத்தார் நினைவுகூர்வதுண்டு. ஓசூரின் பொறியாளர்கள் செய்து முடித்தார்கள். 2011இல், லெ லோக்லில் பிறந்த அந்தப் பழைய ஃபேவர் லூபாவையே டைட்டன் விலைக்கு வாங்கியது. பின்னாளில் அது மீண்டும் கைமாறிவிட்டாலும், நியூஷாடெல் மலைகளின் பெயர் ஓசூர்க் கணக்கேட்டில் சில ஆண்டுகள் இருந்ததை மறுக்க முடியாது.

இதைவிட நம் மனத்தைத் தொடும் இன்னொரு நிகழ்ச்சி அந்த ஆலையின் மதிலுக்கு வெளியே நடந்தது. தமிழகத்தில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் முதன்முதலில் தோன்றியது தர்மபுரி மாவட்டத்தில்தான். 1989இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு அரசின் மகளிர் மேம்பாட்டு நிறுவனம் அத்திட்டத்தை இங்கே தொடங்கியது. களத்தில் உடன் நின்ற அமைப்புகளில் ‘மைராடா’ ஒன்று. திபெத்திய அகதிகளைக் குடியமர்த்துவதற்காக 1968இல் கர்நாடகத்தில் பிறந்த அமைப்பு அது. 1984இல் குல்பர்கா வறட்சிப் பகுதியில் நீர்ப்பிடிப்பு வேலைகளில் சுவிட்சர்லாந்து அரசின் வளர்ச்சி உதவி நிறுவனம் மைராடாவோடு கைகோத்தது. ஊர் மக்களே கூடிப் பேசி, எங்கே வரப்புப் போடுவது, யார் எவ்வளவு பங்கு தருவது என்று முடிவு செய்யும் முறை அங்கே நன்கு சோதிக்கப்பட்டது.

மைராடாவும் டைட்டனும் சேர்ந்து 1990களில் ஓசூர்ச் சுற்றுக் கிராமப் பெண்களைத் திரட்டி ‘மீடோ’ என்ற நிறுவனத்தை அமைத்தன. கடிகாரப் பட்டைகளைக் கோப்பதும் மேசைக் கடிகாரங்களைப் பொருத்துவதும் அவர்களின் வேலை. கூலிக்கு வேலை செய்யும் பெண்கள் எங்கும் உண்டு. இங்கே அந்தப் பெண்களே பங்குதாரர்கள் ஆனார்கள். இயக்குநர் குழுவில் அமர்ந்தார்கள். இலாபத்தில் உரிமை கேட்டார்கள். ஜூரா மலைக் குடியானவரின் சன்னலோர வேலை எப்படி ஒரு வட்டாரத்தைத் தூக்கி நிறுத்தியதோ, அதன் ஒரு சாயலை நாம் இதில் காண்கிறோம்.

இதை நாம் இங்கே விரித்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. சுயஉதவிக் குழு என்றதும் நம் குடும்பங்களில் எழும் முதல் கேள்வி வட்டியைப் பற்றியது. அது நியாயமான கேள்வி. குழுவுக்குள் சேமித்த பணத்தைக் கடனாகக் கொடுத்து வட்டி வாங்குவதும், வங்கிக் கடனுக்கு வட்டி கட்டுவதும் அந்த முறையின் அடிப்படை. ஆகவே நம் பெண்கள் பலர் ஒதுங்கி நின்றார்கள், ஒதுங்கச் சொன்னோம். பின்னர் நுண்கடன் நிறுவனங்கள் வந்தன. ஏழைகளுக்குக் கடன் கொடுக்கும் அத்தகைய நிறுவனங்களில் முதலிடுவதற்கென்றே ஜெனீவாவில் ‘ப்ளூ ஆர்ச்சர்ட்’ 2001இலும், சூரிக்கில் ‘ரெஸ்பான்ஸ்எபிலிட்டி’ 2003இலும் தொடங்கப்பட்டன. நல்லெண்ணத்தோடு முதலிடுகிற ஐரோப்பியரின் பணம்கூட, இங்கே வாரத் தவணையாக ஒரு பெண்ணின் வாசற்படியில் வந்து நிற்கும்போது வேறு முகம் கொள்கிறது. அவசரத்துக்குப் பணம் தேவைப்பட்ட நம் வீட்டுப் பெண்களில் சிலரும், ஜமாஅத்துக்குத் தெரியாமல், அந்த வரிசையில் நின்றதை நாம் அறிவோம்.

வட்டி கூடாது என்று சொன்ன நாம், அவர்களுக்கு என்ன கொடுத்தோம்? சில ஊர்களில் பைத்துல்மால் நன்றாக நடக்கிறது. பல ஊர்களில் ரமளானுக்கு மட்டும் விழித்துக்கொள்கிறது. கடனுக்கு மாற்று கடன்தான் என்று எண்ணியதே நம் பிழை. ‘மீடோ’வின் பெண்களுக்குக் கிடைத்தது வேலையும் பங்கும், இலாபம் வந்தால் பகிர்வு, நட்டம் வந்தால் சேர்ந்து தாங்குதல். நம் ஃபிக்ஹ் நூல்கள் முஷாரகா என்று விரித்துரைக்கும் முறைக்கு இது வெகு தூரமில்லை என்பது எங்கள் கருத்து. உலமாக்கள் இதைப் பார்த்து மேலும் சொல்லட்டும்.

மருத்துவத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை முழுமை பெறாது. தமிழகத்தின் வட மாவட்டங்களில் ஒரு காலத்தில் தொழுநோய் மிகுந்திருந்தது. ‘பெருநோய்’ என்று தணிந்த குரலில் சொல்வார்கள். தனித் தட்டு, தனித் திண்ணை. அந்த வீட்டுப் பெண்ணுக்கு வரன் வராது. நபி (ஸல்) அவர்கள் தொழுநோயாளி ஒருவரைத் தம்மோடு அமர்த்தி ஒரே தட்டில் உண்ணச் செய்ததாக வரும் அறிவிப்பும், அந்நோயிலிருந்து விலகியிருக்கச் சொல்லும் அறிவிப்பும் நம்மிடம் இரண்டும் உள்ளன. நாம் இரண்டாவதை மட்டுமே நினைவில் வைத்துக்கொண்டோம்.

டாப்சோன் என்ற ஒற்றை மருந்தே நெடுங்காலம் கொடுக்கப்பட்டது. ஆண்டுக்கணக்கில், சிலருக்கு ஆயுள் முழுதும். 1960களில் கிருமி அதற்குப் பழகிக்கொள்ளத் தொடங்கியது. டப்ளினில் வின்சென்ட் பாரி குழுவினர் கண்டுபிடித்த கிளோஃபாசிமின் என்ற செந்நிற மருந்தை வளர்த்தெடுத்தது பாசல் நகரத்து கெய்கி நிறுவனம். ரிஃபாம்பிசின் உருவானதில் அதே நகரத்து சிபாவுக்கும் பங்குண்டு. 1981இல் ஜெனீவாவில் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு கூடி, இந்த மூன்று மருந்துகளையும் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்து சிகிச்சையைப் பரிந்துரைத்தது. மாதம் ஒருமுறை சுகாதாரப் பணியாளரின் கண்முன்னே விழுங்க வேண்டிய மாத்திரைகள், மற்ற நாள்களுக்கு வீட்டில் உண்ண வேண்டியவை என்று ஒரே அட்டையில் வந்தன. கிளோஃபாசிமின் தோலைக் கருஞ்சிவப்பாக்கிவிடும். நோயை மறைத்து வைத்திருந்தவரை மருந்தே ஊருக்குக் காட்டிக்கொடுத்தது. அதற்கு அஞ்சி மாத்திரையை வீசியவர்களும் இருந்தார்கள். அவர்களின் வீட்டுக்கு மீண்டும் மீண்டும் நடந்து, பேசி, திரும்ப உண்ண வைத்த களப்பணியாளர்களின் பெயர் எந்த வரலாற்றிலும் இல்லை.

1983இல் இந்தியாவில் பத்தாயிரம் பேருக்கு 57.8 தொழுநோயாளிகள் இருந்தனர். 2005 டிசம்பரில் அது ஒருவருக்கும் கீழே இறங்கியது. சிபாவும் கெய்கியும் 1970இல் ஒன்றாகி, 1996இல் சாண்டோஸுடன் இணைந்து நோவார்டிஸ் ஆயின. அந்த நிறுவனம் 2000ஆம் ஆண்டு முதல் உலக நாடுகளுக்கெல்லாம் இந்த மருந்தை உலக சுகாதார நிறுவனத்தின் வழியே இலவசமாக வழங்கி வருகிறது. மருந்து வந்த பிறகும் சட்டம் மாற நெடுங்காலம் ஆயிற்று. கணவருக்குத் தொழுநோய் என்பதை மணவிலக்குக் காரணமாக வைத்திருந்த 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தின் அந்தப் பகுதி, 2019இல்தான் நீக்கப்பட்டது.

ஆனால் அதே நோவார்டிஸை நாம் சென்னையில் வேறு கோலத்தில் பார்த்தோம். இரத்தப் புற்றுநோய்க்கான ‘கிளிவெக்’ மருந்துக்குக் காப்புரிமை கேட்டு 1998இல் அது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. 2006 ஜனவரியில் விண்ணப்பம் தள்ளுபடியானது. பழைய மருந்தின் சிறு திருத்தத்துக்குப் புதிய காப்புரிமை கிடையாது என்ற சட்டப் பிரிவையே நிறுவனம் எதிர்த்தது. 2007 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இறுதியாக 2013 ஏப்ரல் 1 அன்று நீதிபதிகள் அஃப்தாப் ஆலமும் ரஞ்சனா பிரகாஷ் தேசாயும் அமர்ந்த உச்ச நீதிமன்ற அமர்வு காப்புரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. மாதத்துக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய் விலை சொல்லப்பட்ட மருந்தை இந்திய நிறுவனங்கள் சுமார் 8,000 முதல் 10,000 ரூபாய்க்குள் விற்றன. எதிர்த்து நின்றவர்களில் புற்றுநோயாளர் நலச் சங்கமும், 1935இல் குவாஜா அப்துல் ஹமீத் தொடங்கிய சிப்லாவும் உண்டு. தாம் இந்திய நோயாளிகளில் பெரும்பாலோருக்கு அந்த மருந்தை இலவசமாகவே தருவதாக நோவார்டிஸ் சொன்னது. அது பொய்யன்று. என்றாலும் கொடுப்பவர் மனம் வைத்தால் கிடைப்பது வேறு. நோயாளி தன் கையிலுள்ள காசுக்குக் கடையில் வாங்க முடிவது வேறு. ஸகாத்தை ஏழையின் உரிமை என்று கற்ற நமக்கு இந்த வேறுபாடு எளிதில் புரியும்.

மருந்து மட்டும் போதாது என்பதற்கும் தர்மபுரியே சான்று. கல்ராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையேயுள்ள சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் 1993இல் மருத்துவர் ரெஜி ஜார்ஜும் மருத்துவர் லலிதாவும் ஒரு குடிசையில் சிகிச்சை தொடங்கியபோது, அங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய 150 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. அவர்கள் பழங்குடிப் பெண்களையே செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் பயிற்றுவித்தார்கள். இறப்பு பெருமளவு குறைந்தது.

2009இல் மினாரா கட்டக் கூடாது என்று வாக்களித்த நாடும் சுவிட்சர்லாந்துதான். அதை நாம் மறக்கவில்லை. அதற்காகச் செந்நிற மாத்திரையின் கணக்கையும் மறைக்க முடியாது.

இந்தியாவுக்கும், சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு ஐரோப்பிய நாடுகளுக்கும் இடையே 2024 மார்ச் 10 அன்று கையெழுத்தான வணிக உடன்படிக்கை 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. பதினைந்து ஆண்டுகளில் 100 பில்லியன் டாலர் முதலீடும் பத்து இலட்சம் வேலைகளும் என்று அதில் இலக்கு வைத்திருக்கிறார்கள். சுவிஸ் கடிகாரத்தின் இறக்குமதி வரி ஏழு ஆண்டுகளில் படிப்படியாக இல்லாமற்போகும். அந்தக் கடிகாரங்கள் ஓசூர்க் கடைத்தெருவுக்கு வரி குறைந்து வந்து இறங்கும்போது, அதே ஊரில் பட்டை கோக்கும் பெண்களின் பங்குக்கு என்ன நேரும் என்பதை உடன்படிக்கையின் பக்கங்களில் நாம் தேடிப் பார்த்தோம். அவர்களைப் பற்றி அங்கே ஏதும் இல்லை.